எதை எண்ணிக் காசு தருகிறார்களோ

இசை வணிகம் படைப்பைக் கெடுக்கிறது என்று யாராவது பேசத் தொடங்கினால், கேட்பவர் மனதில் உடனே ஓர் ஆள் வந்து நிற்கிறார். அவர் ஏதோ ஓர் இசை நிறுவனத்தின் அதிகாரி. பாடலைக் கேட்டு முடித்துவிட்டு, பல்லவி இன்னும் சீக்கிரம் வரட்டும், அந்த வயலின் பகுதி வேண்டாம், வேகத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள் என்று உத்தரவிடுகிறார். எந்த நிறுவனத்தோடும் ஒப்பந்தம் இல்லாமல், நானே எழுதி, நானே மெட்டமைத்து, நானே பதிவு செய்து, ஒரு விநியோகச் சேவையின் வழியாக நானே வெளியிடுகிற எனக்கு அப்படியோர் அதிகாரி இருந்ததே இல்லை. ஆனாலும் கடந்த சில ஆண்டுகளில் நான் வெளியிட்ட பாடல்களை வரிசையாகக் கேட்டால், யாரோ அருகில் இருந்து சொல்லிச் சொல்லித் திருத்தியவை போலத்தான் ஒலிக்கின்றன. முன்னிசை குறுகிக்கொண்டே வந்திருக்கிறது; மூன்று சரணங்கள் இரண்டாகியிருக்கின்றன; முடியும் இடத்தில் இசையைத் தானாக அடங்க விடாமல் பட்டென்று நிறுத்தும் பழக்கம் வந்திருக்கிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வணிகம் படைப்பை வடிவமைப்பது பெரும்பாலும் உத்தரவுகளால் அல்ல. எந்த அலகை எண்ணிப் பணம் தருகிறதோ, அந்த அலகால். இசைத்தட்டின் ஒரு பக்கத்துக்குக் காசு என்றால் பாட்டு அந்தப் பக்கத்தின் அளவுக்கு வரும்; ஒரு தடவை கேட்பதற்குக் காசு என்றால் பாட்டு அந்த ஒரு தடவையைக் குறிவைத்து உருவாகும். நிறுவனத்தோடு இருக்கும் கலைஞருக்காக இந்தக் கணக்கைப் பற்றிக் கவலைப்பட வேறொருவர் சம்பளம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சுயாதீனக் கலைஞருக்கோ அந்தக் கவலையும் சொந்தப் பொறுப்பு என்பதால், மெட்டு பிறக்கிற இடத்துக்கு மிக அருகிலேயே அது குடியேறிவிடுகிறது.

இதை ஸ்ட்ரீமிங் காலத்து நோயாகப் பேசுவது சரியல்ல. நிமிடத்துக்கு 78 முறை சுழன்ற 10 அங்குல இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 3 நிமிடம்தான் அடங்கும். 1902ஆம் ஆண்டு கிராமபோன் கம்பெனிக்காகக் கல்கத்தாவில் பாடிய கௌஹர் ஜான், கச்சேரியில் நெடுநேரம் விரித்துப் பாடக்கூடிய ராகத்தை அந்தச் சில நிமிடங்களுக்குள் மடித்துத் தந்து, முடிவில் தன் பெயரையும் ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார். தட்டுகள் ஜெர்மனியில் அச்சானதால், அங்கே வேலை செய்பவர்களுக்கு இது யாருடைய பதிவு என்று தெரிவதற்காக அந்த ஏற்பாடு என்பார்கள். பதிவின் கடைசி விநாடிகள் இசைக்கு இல்லாமல் தொழிற்சாலைக்குப் போயின என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் வியப்புதான். பிறகு 1948இல் கொலம்பியா நிறுவனம் ஒரு பக்கத்துக்கு 20 நிமிடங்களுக்கும் மேல் ஓடும் எல்பி தட்டைக் கொண்டுவந்தபோது நீண்ட ஆக்கங்களுக்கு இடம் கிடைத்தது; அடுத்த ஆண்டே ஆர்சிஏ விக்டர் கொண்டுவந்த 45 சுழற்சிச் சிறு தட்டு, 3 நிமிடப் பாட்டை இன்னொரு தலைமுறைக்கு நிலைநிறுத்தியது. நாம் இயல்பான நீளம் என்று நம்பிக்கொண்டிருக்கும் பாட்டின் அளவு, யாரோ அரக்கில் கீறிய பள்ளத்தின் அளவுதான்.

இன்று எண்ணப்படுவது கேட்பு. ஸ்பாட்டிஃபையில் ஒரு பாடல் 30 விநாடிகள் ஒலித்துவிட்டால் அது ஒரு கேட்பாகக் கணக்கில் ஏறும். அதற்கு முன்பே கேட்பவர் அடுத்த பாட்டுக்குத் தாவிவிட்டால் ஏறாது. ஒரு கேட்புக்கு இவ்வளவு என்று நிலையான தொகையும் கிடையாது. சந்தாவிலும் விளம்பரத்திலும் வரும் வருவாயில் சுமார் மூன்றில் இரண்டு பங்கை உரிமையாளர்களுக்கென்று ஒதுக்கி, மொத்தக் கேட்புகளில் யாருக்கு எவ்வளவு விழுக்காடோ அந்த விகிதத்தில் பிரித்துக் கொடுக்கிறார்கள். ஆகவே மாதம் முழுக்க என் பாடல்களை மட்டுமே கேட்கிற ஒருவருடைய சந்தாப் பணத்தின் பெரும்பகுதி, அவர் ஒருமுறைகூடக் கேட்டிராத பாடகர்களுக்குப் போகும். (கேட்பவரின் பணம் அவர் கேட்டவர்களுக்கே போகட்டும் என்ற முறையை சவுண்ட்கிளவுட் 2021இல் சுயாதீனக் கலைஞர்களுக்காகத் தொடங்கியது, பெரிய தளங்களில் பழைய பொதுப்பானை முறைதான் இன்னும் மேலோங்கி நிற்கிறது.) 2 நிமிடப் பாட்டுக்கும் 9 நிமிடப் பாட்டுக்கும் ஒரே எண்ணிக்கைதான். மேலும், 2024 முதல், முந்தைய 12 மாதங்களில் 1,000 கேட்புகளையாவது தொடாத தடத்துக்கு ஸ்பாட்டிஃபை ஒலிப்பதிவு ராயல்டியைத் தருவதில்லை. அகன்று பரவாமல் ஆழமாக மட்டும் கேட்கப்படும் ஆக்கங்களுக்கு இது நேரடியான செய்தி.

இந்த விதிகளின் தர்க்கத்தைக் கடைசிவரை பின்தொடர்ந்து போனால் எங்கே சென்று முட்டும் என்பதை வல்ஃப்பெக் என்ற அமெரிக்கக் குழு 2014இல் செய்து காட்டியது. முழுக்க நிசப்தம் மட்டுமே கொண்ட 10 தடங்கள், ஒவ்வொன்றும் 30 விநாடியைச் சற்றே தாண்டும் நீளத்தில். இரசிகர்கள் தூங்கும்போது அதைத் திரும்பத் திரும்ப ஓட விட்டால் போதும், அந்தப் பணத்தில் நுழைவுக் கட்டணம் இல்லாத கச்சேரிகள் நடத்துகிறோம் என்றார்கள். தளம் அதை நீக்குவதற்குள் ஏறத்தாழ 20,000 டாலர் சேர்ந்துவிட்டது. எல்லோரும் சிரித்தோம். ஆனால் அதே தர்க்கத்தைச் சத்தமில்லாமல் கடைப்பிடித்தவர்கள் மழை ஓசையையும் மின்விசிறி இரைச்சலையும் அரை நிமிடத் துண்டுகளாக நறுக்கி ஏற்றிக்கொண்டுதான் இருந்தார்கள்; 2024இல் அப்படிப்பட்ட ஒலிகளுக்குக் குறைந்தது 2 நிமிட நீளம் வேண்டும் என்று தளமே விதி செய்ய வேண்டியதாயிற்று.

பாடல்களின் உள்ளே என்ன நடந்தது என்பதற்கும் சான்று உண்டு. ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஊபேர் லெவேயே கோவேன் என்ற ஆய்வாளர், 1986 முதல் 2015 வரை அமெரிக்காவின் முதல் 10 இடங்களுக்கு வந்த பாடல்களை அளந்து பார்த்தார். எண்பதுகளின் நடுப்பகுதியில் 20 விநாடிக்கு மேல் இருந்த சராசரி முன்னிசை, 2015இல் சுமார் 5 விநாடியாகச் சுருங்கியிருந்தது. கேட்பவரின் கவனத்துக்கான போட்டிதான் காரணம் என்பது அவருடைய வாதம்.

விநாடிகள் குறைந்தன என்று சொன்னால் ஏதோ வாசலில் இருந்த திண்ணையை மட்டும் இடித்தது போலத் தோன்றும். உண்மையில் இடிபடுவது வீட்டின் உள்ளேயும்தான். என்னுடைய ஒரு பாடலை வைத்தே இதைச் சொல்கிறேன். அதில் கித்தாரின் கடைசித் தந்தியைத் தளர்த்தி, சட்ஜமத்தை, அதாவது ஆதார ஸ்வரமான ஸா-வை மட்டும் நீளமாக ஒலிக்க விட்டிருந்தேன். அதன் மேல் வயலின் மெல்ல வந்து சேரும். ஏறத்தாழ 50 விநாடிகளுக்குப் பிறகே குரல் நுழையும். குரலின் முதல் சொல் அதற்கு அடுத்த ஸ்வரமான ரிஷபத்தில் நிற்கும். அவ்வளவு நேரம் சட்ஜமம் காதில் ஊறியிருப்பதால், அந்த ரிஷபம் எங்கோ போய்ச் சேர வேண்டிய, இன்னும் சேராத ஒன்றாகக் கேட்கும். பாடலின் பொருளும் அதுவே. வெளியீட்டுக்காக முன்னிசையை 8 விநாடியாகக் குறைத்தபோது, சுருதி காதில் அமர்வதற்குள் குரல் வந்துவிட்டது. இப்போது அதே ரிஷபம், ஏக்கம் எதுவும் இல்லாமல், பாட்டு தொடங்குகிற வெறும் ஸ்வரமாகக் கேட்டது. முதல் முறை கேட்ட நண்பர் ஒருவர் அதையே ஆதார சுருதி என்று எண்ணிக்கொண்டார். ஆகவே எடுப்பை, அதாவது குரல் தொடங்கும் ஸ்வரத்தை, பஞ்சமத்துக்கு மாற்றினேன். எடுப்பு மாறியதும் பல்லவியின் இரண்டாம் வரி இறங்க வேண்டிய இடத்தில் ஏற வேண்டியிருந்தது. ஏறுகிற மெட்டுக்கு அந்த வரியின் சொற்கள் ஒத்துவராததால் சொற்களும் மாறின. 30 விநாடி விதி என் பாடலின் ஒரு சொல்லைக்கூட நேரடியாகத் தொடவில்லை. ஆனால் கடைசியில் வெளியானது வேறொரு பாட்டு. அது மோசமான பாட்டு அல்ல என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பலருக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

பாட்டு முடிந்த பிறகு நிரப்ப வேண்டிய படிவங்களும் இதே வேலையைத்தான் செய்கின்றன. 2015 ஜூலை 10 முதல் உலகெங்கும் புதிய பாடல்கள் வெள்ளிக்கிழமையில் வெளியாவதை இசைத்துறை பொது வழக்கமாக்கிக்கொண்டது. ஸ்பாட்டிஃபையின் ஆசிரியர் குழுவுக்குப் பாடலைப் பரிந்துரைக்க வேண்டுமானால் குறைந்தது 7 நாள் முன்னதாக அனுப்ப வேண்டும். அந்தப் படிவத்தில் வகை என்ன, மனநிலை என்ன, எந்தெந்தக் கருவிகள் என்று கட்டங்கள் இருக்கும். பாடலைப் பற்றி 500 எழுத்துக்குள் எழுதுவதற்கு ஓர் இடமும் உண்டு. துக்கத்தில் தொடங்கிக் கேலியில் முடிகிற பாட்டுக்கு மனநிலைக் கட்டத்தில் எதைத் தேர்ந்தெடுப்பது? துக்கம் என்று குறித்தால் துக்கப் பட்டியலில் சேர்ந்து, மூன்றாம் நிமிடத்தில் அங்கே அழுதுகொண்டிருப்பவரை எரிச்சலூட்டும். கேலி என்று குறித்தால் முதல் அரை நிமிடத்திலேயே தாவிவிடுவார்கள். படிவத்தில் எழுதும் பொய் பெரிய பிரச்சினை இல்லை. அடுத்த பாட்டுக்கு மெட்டுத் தேடும்போது, இது எந்தக் கட்டத்தில் அடங்கும் என்ற கேள்வி தானாகவே முன்னால் வந்து நின்றுவிடுவதுதான் பிரச்சினை. பிளேலிஸ்டுகள் மனநிலையின் பெயரால் அமைந்திருப்பதால், தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே மனநிலையில் இருக்கும் பாட்டுக்குப் பயணம் எளிது. நடுவழியில் மனம் மாறுகிற பாட்டு எங்கேயும் ஒட்டாது.

விளம்பரங்களுக்கும் காட்சிகளுக்கும் இசையை உரிமம் கொடுக்கும் நூலகங்களுக்கு எழுதும்போது இன்னும் வெளிப்படையாக இருக்கும். குரல் இல்லாத வடிவம், ஒவ்வொரு கருவியும் தனித்தனியான ஒலிக்கோப்பு, 60, 30, 15 விநாடி வெட்டுகள் என்று எல்லாவற்றையும் சேர்த்தே கேட்பார்கள். எந்த இடத்தில் வெட்டினாலும் இரத்தம் வராத இசை வேண்டும் என்பதால், எட்டு எட்டுச் சுற்றாகக் கட்டி, ஒவ்வொரு எட்டின் முடிவிலும் ஒரு கதவைத் திறந்து வைக்கிறோம். இதில் எனக்குப் பெரிய புகார் இல்லை. தச்சர் வேலை என்று தெரிந்தே செய்யும் தச்சர் வேலைக்கு ஒரு நேர்மை இருக்கிறது.

அதைவிட அதிகம் பேசப்பட வேண்டியது உரிமைப் பங்கு. ஒரு பாட்டுக்கு இரண்டு உரிமைகள் உண்டு: சொல்லும் மெட்டும் சேர்ந்த படைப்புக்கு ஒன்று, அதன் ஒலிப்பதிவுக்கு ஒன்று. வெளியிடும் முன் யாருக்கு எத்தனை விழுக்காடு என்று எழுதி எல்லோரும் கையெழுத்திடுவது நல்ல வழக்கம், நானும் கடைப்பிடிக்கிறேன். ஆனால் எழுத உட்காரும்போதுதான் இந்தக் காகிதம் எந்த வகை உழைப்பை உழைப்பாகவே காண்பதில்லை என்பது தெரியும். சொல் எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் இடம் இருக்கிறது. நடையைச் சற்றே பின்னுக்கு இழுத்து வாசித்து, பாட்டின் குணத்தையே மாற்றிய தாளக் கலைஞருக்குப் படைப்புரிமையில் பொதுவாக எதுவும் இல்லை. அன்றைய ஊதியத்தோடு அவர் கணக்கு முடிந்துவிடும். இதன் விளைவு படைப்பிலும் தெரிகிறது. பங்கு கேட்காத, நேரம் கேட்காத, விலைக்குக் கிடைக்கும் தாளத் துணுக்குகளை வைத்தே பாட்டைக் கட்டிவிடலாம் என்ற சபலம், கையில் பணம் குறைந்தவருக்குத்தான் அதிகம். அந்தத் துணுக்குகள் யார் வேண்டுமானாலும் வாங்கக்கூடியவை என்பதால், அதே துணுக்கைப் பயன்படுத்திய வேறொருவர் தன் பதிவைத் தானியங்கி உரிமைச் சோதனையில் முன்னமே சேர்த்திருந்தார். விளைவாக என் பாட்டின் காணொளி மீது அவர் பெயரில் உரிமைக் கோரல் விழுந்தது. மறுத்து எழுதி விடுவித்துக்கொண்டேன். அதற்குள் பாட்டு வெளியான முதல் வாரம், அதாவது அல்காரிதம் கவனித்துக்கொண்டிருக்கும் வாரம், போய்விட்டது. மனிதரோடு வாசித்திருந்தால் அந்தத் தாளத்தை உலகில் வேறு யாரும் சொந்தம் கொண்டாடியிருக்க முடியாது.

பணம் தரும் முறை, கேட்கும் காதையே மாற்றும் என்பதை அமெரிக்க ஒலிப்பதிவாளர் ஸ்டீவ் அல்பினி நன்கு அறிந்திருந்தார். 1993இல் வெளியான தன் தொகுப்பைப் பதிவு செய்ய நிர்வானா என்ற ராக் குழு அழைத்தபோது, விற்பனையில் பங்கு வேண்டாம், குழாய் பழுதுபார்ப்பவருக்குத் தருவதுபோல் வேலைக்குரிய கூலியைத் தந்தால் போதும் என்று அவர் குழுவினருக்குக் கடிதம் எழுதினார். அவர் அதைக் கொள்கையாகச் சொன்னார். அதனால் அவருடைய காதுக்கும் நன்மை விளைந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன். விற்பனையில் பங்கு உள்ளவர் சொல்லும் ஒவ்வொரு யோசனையிலும் விற்பனை கலந்திருக்கும். கூலி வாங்குபவருக்கு முரசின் ஒலி சரியாக இருக்கிறதா என்பது மட்டுமே கேள்வி. சுயாதீனக் கலைஞரின் சிக்கல் என்னவென்றால், அவர் இந்த இரண்டு பேராகவும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். நாம் தேர்ந்தெடுக்கும் பாட்டைக் கேட்பவர்களுக்கு அதிகம் பரிந்துரைக்கும் ஸ்பாட்டிஃபையின் டிஸ்கவரி மோட் வசதி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. முன்பணம் எதுவும் கட்ட வேண்டாம். ஆனால் அந்த வசதி வேலை செய்யும் இடங்களில் கிடைக்கும் கேட்புகளுக்கான ஒலிப்பதிவு ராயல்டியில் 30 விழுக்காட்டை விட்டுக்கொடுக்க வேண்டும். எந்தப் பாட்டை அதில் சேர்ப்பது என்று தேர்ந்தெடுக்கும்போதே, எது அதிகம் பரவும் என்ற தரவரிசை ஒன்று நம் மனதில் உருவாகிவிடுகிறது. தன் பிள்ளைகளுக்கு அப்படி வரிசை போட்ட பிறகு அதை மறந்துவிட்டு எழுதுவது கடினம்.

வணிகம் எப்போதும் ஒரே பக்கம்தான் இழுக்கிறது என்று சொன்னால் அது பொய். தொண்ணூறுகளில் தொடங்கிப் பல ஆண்டுகள், எல்லோரும் தத்தம் பாட்டை மற்றவர் பாட்டைவிட உரக்க ஒலிக்கச் செய்ய வேண்டும் என்று மாஸ்டரிங் என்னும் கடைசிக் கட்ட ஒலிச் சீரமைப்பில் அழுத்தி அழுத்தி, மெல்லிய இடமும் உரத்த இடமும் ஒரே உயரமாகிப்போன பதிவுகளை வெளியிட்டோம். இப்போது ஸ்ட்ரீமிங் தளங்கள் எல்லாப் பாடல்களையும் ஏறத்தாழ ஒரே உரப்பளவுக்குக் கொண்டுவந்து ஒலிக்கின்றன. ஸ்பாட்டிஃபையில் அந்த அளவு மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (உரப்பை அளக்கும் அலகு). அழுத்திப் பிசைந்த பாட்டைத் தளமே குறைத்துவிடும் என்பதால் உரத்துக் கத்துவதில் இலாபம் இல்லாமல் போயிற்று. என் பதிவுகளில் முணுமுணுப்பு மறுபடி முணுமுணுப்பாகவே கேட்பதற்கு, கேட்பவர் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒலியளவைத் திருகக் கூடாது என்ற வணிக அக்கறைதான் காரணம். என் இரசனை அல்ல.

நேரடி விற்பனையில் அலகு மாறுகிறது. பேண்ட்கேம்ப் போன்ற தளத்தில் கேட்பவர் தொகுப்பை முழுதாக விலை கொடுத்து வாங்குகிறார். எண்ணிமப் பதிவின் விற்பனையில் 15 விழுக்காடு தளத்துக்குப் போகும், மிச்சத்தின் பெரும்பகுதி வாங்கியவரிடமிருந்து நேராக இசைத்தவருக்கு வரும். எத்தனை முறை கேட்டார், எந்த விநாடியில் நிறுத்தினார் என்பது பணத்தைப் பாதிப்பதில்லை. நீளமான ஆக்கங்களும் மெதுவாகத் திறக்கும் ஆக்கங்களும் அங்கே மூச்சு விடுவது அதனால்தான். ஆனால் மாதச் சந்தா முறைக்குப் போனவுடன் அலகு மறுபடி மாறுகிறது. அங்கே எண்ணப்படுவது மாதம். பாட்டு வந்தாலும் வராவிட்டாலும் மாதம் வந்துவிடும். ஆதரவாளர்களை வெறுங்கையோடு எதிர்கொள்ளக் கூசி, இன்னும் ஆறு மாதம் ஊற வேண்டிய மெட்டுகளை முன்வரைவு என்ற பெயரில் வெளியே அனுப்பத் தொடங்குகிறோம். வெளியே போன முன்வரைவுக்கு நாலு பேர் நன்றாக இருக்கிறது என்று எழுதிவிட்டால், அதை மாற்றும் துணிவு போய்விடுகிறது. அன்பானவர்களின் பாராட்டு கல்லைப் போல இறுகிவிடும் என்பது இதில் யாரும் முன்கூட்டிச் சொல்லாத விஷயம்.

இப்போது நான் செய்துகொண்டிருக்கும் தொகுப்பில் 11 நிமிடம் ஓடும் ஓர் ஆக்கம் இருக்கிறது. அதை நான்காக வெட்டி நான்கு தடங்களாக ஏற்றினால், முழுதாகக் கேட்கும் ஒவ்வொருவரும் நான்கு கேட்புகளாக எண்ணப்படுவார்; நாலு வெள்ளிக்கிழமைகளுக்கு வெளியீடும் கிடைக்கும். வெட்டிப் பார்த்தேன். முதல் இரண்டு வெட்டுகளும் சரியாகவே விழுந்தன; அவை உள்ளபடியே தனிப் பகுதிகள் என்பது வெட்டிய பிறகுதான் எனக்கும் புரிந்தது, அவற்றுள் ஒன்றை இப்போது தனிப் பாட்டாகவே வளர்த்து வருகிறேன். மூன்றாவது வெட்டு விழ வேண்டிய இடத்தில் தாளம் நின்ற பிறகும் வயலின் ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு அடுத்த பகுதிக்குள் நடந்து போகிறது. அங்கே கத்தியை வைக்க இடமில்லை. ஆகவே பின்பாதி ஒரே தடமாகத்தான் போகும். வயலின் வாசித்தவருக்குப் படைப்புரிமையில் கால் பங்கு என்று காகிதத்தில் எழுதிக் கையெழுத்தும் ஆகிவிட்டது. மனநிலைக் கட்டத்தை இன்னும் நிரப்பவில்லை.